மகளை இழந்த சில மாதங்களில் மறைந்த 'முக்தி' தாய்: பண்டிதை ரமாபாயின் வாழ்க்கை

புணே: இளம் விதவைகளுக்கும் ஆதரவற்ற சிறுமிகளுக்கும் கல்வியும் புகலிடமும் அளித்த பண்டிதை ரமாபாய், 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி புணே மாவட்டத்தில் உள்ள கேட்காவில் காலமானார்.

1858-இல் பிறந்த ரமாபாய், தாய் லட்சுமிபாயிடம் சம்ஸ்கிருதம் கற்றார். பஞ்ச காலத்தில் பெற்றோரை இழந்து, சகோதரருடன் ஊர் ஊராக அலைந்தார். அவரது புலமையைக் கண்ட கொல்கத்தா அறிஞர்கள் 'பண்டிதை' பட்டம் வழங்கினர். 1880-இல் வங்காள வழக்கறிஞரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் கணவர் காலராவுக்குப் பலியானார். அப்போது மகள் மனோரமா கைக்குழந்தை.

குழந்தையுடன் புணே வந்த அவர், ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கினார். 1883-இல் இங்கிலாந்து சென்று, அங்கு கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். நாடு திரும்பி, 1889-இல் மும்பையில் விதவைகளுக்காக சாரதா சதனத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு அது புணேக்கு மாற்றப்பட்டது. மாணவிகளை மதம் மாற்றுவதாக 1893-இல் சர்ச்சை எழுந்ததால், பலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். எனினும் சதனம் மூடப்படவில்லை.

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்கு நேரில் சென்று, பட்டினியில் வாடிய நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் பெண்களையும் கேட்காவுக்கு அழைத்து வந்தார். அங்கு 'முக்தி' இல்லம் வளர்ந்தது.

அப்பணியில் தோள்கொடுத்த மனோரமா, 1921-இல் நாற்பது வயதில் உயிரிழந்தார். தமக்குப்பின் பொறுப்பேற்க வேண்டிய ஒரே மகளைப் பறிகொடுத்த ரமாபாய், ஓராண்டு நிறைவடைவதற்குள் மறைந்தார். மூல மொழிகளைக் கற்று அவர் மராத்தியில் பெயர்த்த விவிலியம், மறைவுக்குப் பின்னரே முழுமையாக வெளியானது.

அவரது நினைவாக 1989-இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. கேட்காவ் இல்லம் இன்றும் இயங்கி வருகிறது.