தாடி இல்லாத இராமசாமி

ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக இருந்தபோது தந்தையாரின் செர்ரி மரத்தை வெட்டினார், கேட்டபோது பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார் என்று நம் பிள்ளைகள் கதை படிக்கிறார்கள். அமெரிக்கா எங்கே, திண்டிவனம் எங்கே! ஆயினும் கடல் கடந்து அந்தக் கதை இங்கு வந்து சேர்ந்துவிட்டது. அது நடந்த கதை அல்ல, வாஷிங்டன் மறைந்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் தம் நூலில் சேர்த்த கதை என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க உண்மை வேறொன்று உண்டு. இருமுறை குடியரசுத் தலைவராக இருந்தவர், மூன்றாம் முறை வேண்டாம் என்று 1797-இல் பதவியை விட்டுத் தம் பண்ணைக்குத் திரும்பினார்.

ஏர் பிடிக்கும் மண்ணிலிருந்து கோட்டைக்கு வந்து, பதவி போனதும் கலங்காமல் கோட்டையை விட்டுப் போனவர் ஒருவர் நம் பக்கத்திலும் இருந்தார். விழுப்புரம் மாவட்டத்துத் தோழர்கள் எத்தனை பேர் தம் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895 பிப்ரவரி முதல் நாள், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். ஊர்ப்பெயரே அவர் பெயராயிற்று. ஓமந்தூரார் என்றால் போதும், நாடு அறியும்.

அவர் நம்மவர் அல்லர். காங்கிரஸ்காரர், கதர் உடுத்தியவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், வள்ளலாரிடம் பற்றுக் கொண்ட ஆத்திகர். 1947 மார்ச்சில், பிரகாசம் அமைச்சரவை போனபின், சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று மாகாண முதலமைச்சருக்குப் பிரதமர் என்றுதான் பெயர். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அகன்ற மாகாணம் அது. அந்த ஆகஸ்டு 15-ஆம் நாள், வெள்ளையன் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது, கோட்டையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இந்த ஓமந்தூர் விவசாயிதான்.

அவருடைய ஆட்சியோடு நாம் போராடினோம். அதை மறைக்கப் போவதில்லை. 1948-இல் கறுப்புச்சட்டைப் படையைத் தடை செய்தது அவர் ஆட்சி. அதே ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அவர் ஆட்சிதான். மறியல் செய்தோம், சிறைக்குப் போனோம். அந்தக் கணக்கை நாம் அழித்துவிடவில்லை.

ஆனால் கணக்கு என்றால் வரவையும் எழுதவேண்டும், செலவையும் எழுதவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறவன் கணக்கப்பிள்ளை அல்லன்.

வரவைப் பாருங்கள். 1947-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு, பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் ஆண்டுக்கணக்கில் வாதாடிய சட்டம் அது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1949-இல் பாரதியார் நூல்களின் உரிமையை அரசு பெற்றது. இவ்வளவும் இரண்டே ஆண்டு ஆட்சியில்!

எல்லாவற்றினும் பெரிது ஒன்று உண்டு. 1928 முதல் நடப்பிலிருந்த வகுப்புவாரி ஆணையின்படி, அரசு வேலை 12 என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஐந்து பங்கில் அடங்கிய பிற்பட்டோர், முன்னேறிய சாதிகளோடு மோதித் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 1947 நவம்பரில் ஓமந்தூரார் ஆட்சி அந்த ஆணையைத் திருத்தியது. 12 என்பது 14 ஆயிற்று. பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2. தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றாக இருந்தது 2. பிற்பட்டோர் என்று தனிப் பங்கு எழுதப்பட்டது அப்போதுதான்.

மேல்தட்டார் கொதித்தார்கள். ஈரோட்டு இராமசாமி தாடி வைத்திருக்கிறார், இவர் தாடி இல்லாத இராமசாமி என்று ஏசினார்கள். ஏசியவர்கள் அதை வசையாக நினைத்தார்கள். நமக்கு அது பட்டமாகவே படுகிறது. 1951-இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றபோது தமிழகம் கொதித்து எழுந்ததும், அவ்வாண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் தோழர்கள் அறிந்தவை. நாம் காக்கப் போராடியது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் திருத்தி எழுதிய ஆணையை!

சிபாரிசுக்கு அவர் இணங்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் நிர்வாகத்தில் தலையிட இடம் தரவில்லை. சொந்தக் கட்சியிலேயே பகை வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவி போனது. குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் வேறு கட்சி தேடி ஓடவில்லை. நாற்காலிக்காக யார் வாயிலிலும் நிற்கவில்லை. வடலூருக்குப் போனார், சுத்த சன்மார்க்க நிலையம் கண்டு பள்ளிப் பணியும் தொண்டும் செய்தார். 1970 ஆகஸ்டு 25-இல் அங்கேயே மறைந்தார்.

விழுப்புரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையில் அரசு பல்நோக்கு மருத்துவமனைக்கு நம் ஏழைத் தோழர்கள் போகிறார்கள். அந்த இடத்தின் பெயர் ஓமந்தூரார் வளாகம். வரிசையில் நிற்கும்போது கூட வந்த பிள்ளை அது யார் பெயர் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லாதீர்கள். நம்மோடு மோதியவர், ஆனாலும் உன் பங்கை எழுதி வைத்தவர் என்று சொல்லுங்கள்.

எதிரியின் நன்மையை ஒப்புக்கொள்வதால் நம் கொள்கை தேய்ந்துவிடாது. நாற்காலியில் அமர்ந்தபோது பேனாவை யாருக்காகப் பிடித்தார் என்பதே ஆளுகிறவரை அளக்கும் கோல். அந்தக் கோலை மாற்றாரிடம் நீட்டுகிறோம். அதே கோலை நம்மவரிடமும் நீட்டுவோம்.