ஓர் எழுத்து, ஈரொலி: மொழியறிஞர் ஸாபா

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பத்து காவானிலிருந்து சென்ற நான், முதலாம் படிவத்தில் 'பெராங்' என்ற மலாய்ச் சொல்லை உரக்க வாசித்தேன். வகுப்பே சிரித்தது. போர் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பழுப்பு நிறம் என்று பொருள்படும்படி உச்சரித்துவிட்டேன்!

ரூமி எழுத்தில் 'ஈ' என்னும் ஒரே எழுத்து மலாயின் இரண்டு உயிரொலிகளைக் குறிக்கிறது. ஒன்று 'தாலிங்', நம் எகரத்தைப் போன்றது. மற்றொன்று 'பெப்பெட்', வாயை அதிகம் திறக்காமல் எழும் மங்கலான ஒலி. இதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. இவ்விரண்டையும் எழுத்திலேயே பிரித்துக் காட்டியவர் ஸாபா.

ஜைனல் அபிடின் பின் அகமட் என்ற இயற்பெயர் கொண்ட இவர், 16.9.1895இல் நெகிரி செம்பிலான், பத்து கிக்கிருக்கு அருகிலுள்ள புக்கிட் கெர்டாஸ் கிராமத்தில் பிறந்தார். சிரம்பான் செயின்ட் பால் பள்ளியில் பயின்று, 1915இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார். ஜொகூரிலும் கோலகங்சாரிலும் ஆசிரியப் பணியாற்றிய பின், 1924இல் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார்.

அங்குதான் இவருடைய ரூமி எழுத்துமுறை உருவானது. பெப்பெட் ஒலிக்கு எழுத்தின் மேல் பிறை போன்ற குறியிட்டார். தாலிங் ஒலிக்குக் குறி வேண்டாம் என்றார். பள்ளிகளில் பல்லாண்டுகள் இவர் முறையே வழங்கியது. 'பெலித்தா பஹாசா மெலாயு' என்ற இலக்கண நூலையும் எழுதினார். பின்னர் லண்டனிலும், சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலாய் கற்பித்தார். 1956இல் 'பென்டெத்தா' எனும் சிறப்புப் பெயர் பெற்றார்.

1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறையை ஏற்றன. அதில் பிறைக்குறி இடம்பெறவில்லை. மறு ஆண்டு, 23.10.1973இல், ஸாபா காலமானார்.

எங்கள் ஊருக்கு அருகில் சிம்பாங் அம்பாட் இருக்கிறது. நான்கைக் குறிக்கும் 'எம்பாட்' என்ற சொல், அவ்வூர்ப் பெயரில் இன்றும் 'அம்பாட்' என்றே பழைய முறையில் நிற்கிறது. பெப்பெட் ஒலியை எப்படி எழுதுவது என்ற தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே, சிரிப்புக்கு அஞ்சி வாய்மூடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பிழை உங்கள் நாவில் இல்லை. எழுத்தில் காட்டப்படாத ஒலியைக் காதால் கேட்டுப் பழகுங்கள், தயங்காமல் வாசியுங்கள்.