பேராசிரியரும் பேச்சுத் தமிழும்

மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாத மலையை நோக்கி வரும் பாதை எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது. மார்கழி தொடங்கி வைகாசிப் பூரணை வரையில் யாத்திரிகர் கூட்டம். ஏனைய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலையுமே எமக்குத் துணை. ஊரின் பெயர் நல்லதண்ணி. நல்லதண்ணீர் என்று அதனை எழுதுவார் எவருமிலர். பேச்சில் வழங்கிய சொல்லே எழுத்திலும் நிலைத்துவிட்டது. அவ்வாறிருந்தும், ஆசிரியனாக இருந்த காலமெல்லாம், பிள்ளைகள் தம் கட்டுரையில் தண்ணி என்றெழுதினால் அதனைச் சிவப்பு மையாற் சுழித்து, தண்ணீர் என்று திருத்தி வந்தவன் நான். ஊரின் பெயரையே பிழையென்று அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். லயத்திலே பிறந்து, பல்கலைக்கழகத்திற் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். விரிவுரையாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டிய பருவம் அவளுக்கு வந்திருந்தது. சொந்த ஊரிலே பொருளைத் தேடுமாறு அவ்விரிவுரையாளர் பணித்தாராம். அவளுக்கோ அது பெருங்குறையாகப் பட்டது. பாட்டியின் பேச்சும், பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு என்னும் தோட்டத்துச் சொற்களும் ஆராய்ச்சிக்கு உரியனவாகுமா என்று கேட்டாள். சங்க இலக்கியத்தில் ஏதேனுமொரு தலைப்பைச் சொல்லுங்கள் ஐயா என்று வேண்டினாள். தலைப்பு எதனையும் நான் சொல்லவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் வரலாற்றைச் சொன்னேன்.

அவரை நான் கண்டதில்லை. அவருடைய நூல்களைப் படித்ததும், அவர் மாணவரிடம் பயின்றோர் சொல்லக் கேட்டதுமே என் அறிவு. 1903ஆம் ஆண்டில் வடமராட்சியைச் சேர்ந்த புலோலியிலே அவர் பிறந்தார். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை போன்ற பெரும் புலவர்களைத் தந்த மண் அது. நாவலர் வகுத்த தூய உரைநடையையே கல்விக்கு அடையாளமாகக் கொண்டிருந்த காலமும் அது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, பின்னர் இலண்டன் சென்றார்.

இலண்டனில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் என் கதைக்கு உயிர். காப்பியத்தையோ பக்திப் பாடலையோ அவர் நாடவில்லை. கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்தார். கல்வெட்டு என்பது யாது? இன்ன நிலத்தை இன்னார் கோயிலுக்கு விட்டார், இன்ன விளக்குக்கு இவ்வளவு நெய் என்னும் கணக்கு. கவிஞன் எழுதியதன்று; ஊரார் அறிந்துகொள்ள வெட்டியது. ஆதலால், இலக்கண நூலார் ஏற்காத வடிவங்கள் பழைய கற்களில் மலிந்து கிடக்கின்றன. ஐந்து என்பது அஞ்சு என வருதல் போன்றவற்றை இலக்கணப் புலவன் கல்தச்சனின் பிழையென்று தள்ளிவிடுவான். மொழியாராய்ச்சியாளனோ, அக்காலத்து மக்கள் நாவில் வழங்கிய தமிழின் சுவடு அது எனக் கொள்வான். எழுத்தெழுத்தாகப் படித்து, வடிவங்களைத் தனித்தனியே குறித்து, காலவரிசையில் அடுக்கி, மாற்றத்தின் போக்கைக் காணும் பொறுமை அதற்கு வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு 1935இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

தாயகம் திரும்பிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளராக அமர்ந்தவர் செய்த அடுத்த செயல் எவரும் எதிர்பாராதது. இலண்டனிற் பட்டம் பெற்ற பண்டிதர் நாடகம் எழுதினார். அதுவும் வடமராட்சிக் கிராமத்தார் வீட்டுத் திண்ணையிற் பேசும் தமிழிலே எழுதினார். உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை ஆகிய நான்கும் 1940இல் நானாடகம் என்னும் நூலாயின. நூலின் பெயரை மட்டும் நல்ல புணர்ச்சி இலக்கணத்தோடு இட்டார் என்பதை எண்ணி நான் சிரிப்பதுண்டு. கல்லிலே தேடியதைத் தம் ஊரார் வாயிலும் அவர் கேட்டார் என்பதே என் கருத்து. ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முற்பட்ட பேச்சுத் தமிழ் ஆராய்ச்சிக்கு உரியதென்றால், நேற்றுப் பேசிய தமிழ் மட்டும் எவ்வாறு இழிந்ததாகும்?

அந்நாடகங்களில் நடித்தவர்கள் அவருடைய மாணவர்கள். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று நான் கொள்ளமாட்டேன். வேற்றூர்ப் பிள்ளையொருவன் உடையாரின் பேச்சை நாவிற் பழக்கவேண்டுமாயின், ஒலியையும் சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டாக வேண்டும். கேட்டதைத் திருத்தாமல் ஏற்கும் பயிற்சி அது. ஆராய்ச்சியின் முதற்பாடமும் அதுதானே!

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்தபின் அப்பதவி கணபதிப்பிள்ளைக்கு வந்தது. 1965 வரையில் அதனை வகித்தார். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் என்னும் ஆண்டிதழ் 1948 முதல் வெளிவந்து, இளம் மாணவர் தம் முதற் கட்டுரைகளை அச்சிற் காண வழிசெய்தது. அவர் மொழிபெயர்ப்பும் தழுவலும் செய்தார்; ஜெர்மன் மொழிக் கதையொன்றைத் தழுவிய பூஞ்சோலை அவற்றுள் ஒன்று. அவை என் மனத்தை அவ்வளவாகக் கவர்ந்ததில்லை. அவருடைய சிறந்த ஆக்கங்கள் மாணவர்களே என்பேன். சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார். பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை 1960களில் மேடையேற்றினார். ஆ. வேலுப்பிள்ளை கல்வெட்டு மொழியிலே பெயர்பெற்றார். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆசிரியரின் பாதையிலிருந்து விலகித் தமக்கென வேறு வழி வகுத்தனர். மாணவர் தம்மைப் போலவே ஆகவேண்டுமென்று நினைக்கும் ஆசிரியரிடம் இத்தனை வகை தோன்றியிராது. 1968இல் அவர் காலமானார்.

இவ்விடத்தில் அப்பெண் ஒரு கேள்வி கேட்டாள். மலைநாட்டுத் தமிழைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்றாள். நல்ல கேள்வி; எனக்குச் சற்று வலித்த கேள்வியும்கூட. அவருடைய நாடகத் தமிழ் யாழ்ப்பாணத்தது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது தேயிலை மலைகள் அதற்கு மிக அருகே இருந்தன. ஆயினும் லயத்துப் பிள்ளைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவு வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகளோ தொடக்க வகுப்புகளோடு நின்றன. எம் பாடல்களைத் தேடித் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் புறத்தே நின்று அப்பணியைச் செய்தவர். பேராசிரியர் வடமராட்சிக்குச் செய்ததை மஸ்கெலியாவுக்குச் செய்யும் வேலை இன்னும் நிரம்பக் கிடக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அது அவர் குறையென்று நான் கருதவில்லை. தம் ஊர்ப் பேச்சை அவர் அறிந்திருந்தார். எம் ஊர்ப் பேச்சை அறிந்தவர் அன்று அவ்வகுப்பறையில் அரியர்.

அவள் மறுமொழி கூறாமற் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு கொப்பியோடு வந்தாள். முதற்பக்கத்தில் தண்ணி என்று தலைப்பிட்டு, கீழே தேத்தண்ணி, சாயத்தண்ணி, பீலித்தண்ணி என்று பாட்டியின் வாயிலிருந்து விழுந்த சொற்களை எழுதியிருந்தாள். யார் சொன்னார், எந்த வேளையில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்பனவும் பக்கத்திலே குறிக்கப்பட்டிருந்தன. ஓரிரு சொற்களை எழுத்துத் தமிழாக மாற்றிப் பின் தானே அடித்துவிட்டு, கேட்டவாறே மீண்டும் எழுதியிருந்ததையும் கண்டேன்.

லயத்தார் நீர் பிடிக்கும் குழாய்வாயைப் பீலி என்கிறோம். சிங்களவரும் ஏறத்தாழ அதே ஒலியில் அப்பொருளுக்கு ஒரு சொல் வைத்திருக்கின்றனர். எவரிடமிருந்து எவர் பெற்றார் என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினோம், ஐயம் தீரவில்லை. விரிவுரையாளரிடம் கேட்கவேண்டிய வினாக்களுள் அதனை முதலாவதாகக் குறித்துக்கொண்டு, மழை விடுமுன் பாட்டியை இன்னொரு முறை கேட்டுவிட வேண்டுமென்று லயத்தை நோக்கி இறங்கிப் போனாள்.