வாக்குரிமை வயதை 18 ஆக்கிய ராஜீவ்

புது தில்லி: பதினெட்டு வயது நிரம்பியவர் வாக்களிக்கலாம் என்பது இன்று எவருக்கும் வியப்பளிக்காது. 1989-க்கு முன்பு நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு 21 வயது நிரம்பியோருக்கே அவ்வுரிமையை அளித்திருந்தது. அதை மாற்றிய பிரதமர் ராஜீவ் காந்தி, அடுத்து நடந்த மக்களவைத் தேர்தலிலேயே ஆட்சியை இழந்தார்.

1944 ஆகஸ்ட் 20-ல் பம்பாயில் பிறந்த அவர், டூன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். பட்டம் பெறாமல் திரும்பி, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியானார். தம்பி சஞ்சய் 1980-ல் விமான விபத்தில் மாண்ட பிறகே, தயக்கத்துடன் அரசியலுக்கு வந்தார். 1981-ல் அமேதி இடைத்தேர்தலில் வென்றார். தாயார் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்றே பிரதமராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 40. அவரினும் இளம் வயதில் எவரும் இன்றளவும் அப்பதவிக்கு வந்ததில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 400-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது.

வாக்குரிமை வயதைக் குறைக்கும் மசோதா வந்ததோ, அந்தச் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்த வேளையில். போஃபர்ஸ் பீரங்கி பேரப் புகார் 1987-ல் வெடித்திருந்தது; அமைச்சரவையிலிருந்து விலகிய வி.பி.சிங் எதிரணியைத் திரட்டிக்கொண்டிருந்தார். இளைஞர் வாக்குகளைக் கவரும் உத்தி என ஐயுற இடமிருந்தும், எதிர்க்கட்சிகள் மசோதாவை ஆதரித்தன. 1988 டிசம்பர் 15-ல் மக்களவையும், 20-ல் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. குறைந்தது பாதி மாநிலச் சட்டப்பேரவைகளின் ஏற்பும் கிடைத்த பின், 1989 மார்ச் 28-ல் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் ஒப்புதல் அளிக்க, அது 61-வது திருத்தமாயிற்று. மக்களவைக்குப் போட்டியிடும் வயது மட்டும் 25 என்றே விடப்பட்டது. பிரதமரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்ற இளைஞர், உறுப்பினராக மேலும் ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டும். நாடு இளைஞர் மீது வைத்தது பாதி நம்பிக்கைதான்.

முந்தைய பொதுத் தேர்தலில் சுமார் 40 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 1989 நவம்பரில் ஏறத்தாழ 50 கோடியை எட்டியது. காங்கிரஸ் 197 இடங்களே பெற்றது. புதிய வாக்காளர்கள் மீது மட்டும் பழி போடுவதற்கில்லை. போஃபர்ஸ் புகாரும் எதிர்க்கட்சிகளின் தொகுதி உடன்பாடும் பெரும் பங்கு வகித்தன. ஆயினும் இளைய தலைமுறை இளைய பிரதமரைக் கைவிடாது என்ற கணக்கு பொய்த்தது. தனிப்பெரும் கட்சியின் தலைவராக இருந்தும் ஆட்சியமைக்க உரிமை கோராமல், ராஜீவ் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார்.

பதினெட்டு வயதினரும் பங்கேற்ற அடுத்த மக்களவைத் தேர்தல் 1991-ல் வந்தது. அதன் முதல் கட்ட வாக்குப்பதிவு நாளான மே 20-ல் தில்லியில் தமது வாக்கைச் செலுத்திவிட்டுப் பிரசாரத்துக்குப் புறப்பட்ட ராஜீவ், மறுநாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது 46.