காகித ஆலை கண்ட ஷிபுசாவா எயிச்சி

செல்வம் சேர்த்தோர் பலர். சேர்த்த செல்வத்திற்குத் தாம் பொறுப்பாளர் மட்டுமே என உணர்ந்து வாழ்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவரான ஜப்பானியத் தொழிலதிபர் ஷிபுசாவா எயிச்சியின் வாழ்வை ஜமாஅத்தார் அறியும் பொருட்டு இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

1840ஆம் ஆண்டு, இன்றைய சைத்தாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், அவுரிச் சாயமும் பட்டும் விளைவித்த விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியக் குழுவில் இடம்பெற்றார். பலருடைய முதலைத் திரட்டிப் பெருந்தொழில் நடத்தும் கூட்டுப்பங்கு முறையை ஐரோப்பாவில் நேரில் கண்டார்.

நாடு திரும்பியபின் நிதியமைச்சகத்தில் உயர்பதவி வகித்தார். வணிகரைத் தாழ்வாக எண்ணிய காலம் அது. எனினும் 1873இல் பதவியைத் துறந்து தொழில்துறைக்கு வந்தார். அவ்வாண்டே வங்கி ஒன்றையும் காகித நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். நூல்களும் செய்தித்தாள்களும் பெருக வேண்டுமாயின் மலிவான காகிதம் வேண்டும். கைவினைக் காகிதம் அதற்குப் போதாது என அவர் கருதினார்.

டோக்கியோவை அடுத்த ஓஜியில் 1875இல் ஆலை இயங்கத் தொடங்கியது. கந்தல் துணியே அதன் மூலப்பொருள். ஆரம்பத்தில் காகிதம் சரிவர அமையவில்லை, நட்டமே மிஞ்சியது. அவர் கைவிடவில்லை. தம் உறவினர் ஒருவரை 1879இல் அமெரிக்காவுக்கு அனுப்பித் தொழில்நுட்பம் கற்றுவரச் செய்தார். ஆலை நிமிர்ந்தது. ஆயினும் மிட்சுயி குழுமத்தின் பிடி ஓங்கவே, தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1898இல் அவர் விலக நேர்ந்தது. ஆலைக்கு அருகிலிருந்த அசுகாயாமா குன்றிலேயே அதன்பின்னும் வாழ்ந்தார்.

சுமார் 500 நிறுவனங்கள் உருவாகத் துணைநின்றும், அவற்றைத் தம் குடும்பத்தின் தனியுடைமையாக்க அவர் முனையவில்லை. ஆனால் ஒரு பொறுப்பை மட்டும் இறுதிவரை விடவில்லை. அது ஆதரவற்றோருக்கான டோக்கியோ இல்லம். ஏழைகளுக்கு உதவினால் சோம்பல் வளரும் எனக் கூறி 1880களில் டோக்கியோ மாநில மன்றம் நிதியை நிறுத்தியபோது, நன்கொடை திரட்டி அதைக் காத்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதனோடு இணைந்திருந்தார்.

1929இல் ஏழைகள் நிவாரணச் சட்டம் நிறைவேறியும், நிதியின்றி முடங்கியிருந்தது. தொண்ணூறு வயதில் நோயுற்றிருந்த அவர், 1930இன் இறுதியில் படுக்கையினின்று எழுந்து சென்று அமைச்சரிடம் அதற்காக முறையிட்டார். 1931 நவம்பர் 11இல் காலமானார். சட்டம் 1932 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை.

2024 முதல் ஜப்பானின் 10,000 யென் நோட்டில் அவர் உருவம் உள்ளது. ஆலை கைமாறியது, ஏழைகளின் பொறுப்போ இறுதிவரை அவரிடமே இருந்தது. வணிகம் செய்யும் நம் இளைஞர்கள் சிந்திக்க வேண்டியது இதுவே.