பறவை மனிதர் சலீம் அலியும் அவர் பெயர் தாங்கும் வௌவாலும்



அந்தி சாயும் வேளையில் வானத்தில் வௌவால்கள் பறந்து செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பெரியோர் பலர் வௌவாலை அபசகுனம் என்று கூறி ஒதுக்கிவிடுவர். ஆனால், ஒரு வௌவால் இனம் உலகப் புகழ்பெற்ற அறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வறிஞர்தாம் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்படும் சலீம் அலி. ஓர் உயிரைக் காக்க வேண்டுமானால், முதலில் அது எங்கே வாழ்கிறது, எங்கே செல்கிறது என்பதை அறிய வேண்டும் என்பதைத் தம் வாழ்க்கையாலேயே உணர்த்திய பெருமகனார் அவர்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. அவருக்கு ஒரு வயதானபோது தந்தையார் மறைந்தார். மூன்று வயதில் தாயாரையும் இழந்தார். பெற்றோரை இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய துணைவியார் அமீதா பேகமும் அன்புடன் வளர்த்தனர்.

சிறுவன் சலீமுக்கு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்திருந்தது. அதைக் கொண்டு ஒரு நாள் சிட்டுக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. வழக்கமான சிட்டுகளுக்கு அவ்வாறு இல்லையே என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. மாமாவிடம் கேட்டான். அவருக்கும் விடை தெரியவில்லை. ஆயினும், அவர் அக்கேள்வியை அலட்சியம் செய்யாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்டு என்பவரிடம் அவனை அனுப்பி வைத்தார். மில்லர்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதோடு, இழுப்பறைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளின் பதப்படுத்திய உடல்களையும் திறந்து காட்டினார். சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பிற்று.

சலீம் அலி பள்ளியில் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். கணிதம் அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. 1913ஆம் ஆண்டு மெட்ரிக்குலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரிப் படிப்பும் இடையில் நின்றது. குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவில் உள்ள தவாய் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே கணக்கேடுகளைவிடக் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. தொழில் நலிந்தது, அவர் பம்பாய்க்குத் திரும்பினார். 1918ஆம் ஆண்டு தெகமினா என்னும் நங்கையை மணந்தார்.

1926ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. பறவையியலை முறையாகக் கற்க வேண்டும் என்னும் ஆவலால், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லினில் பேரறிஞர் ஸ்ட்ரெசெமானிடம் பயின்றார். அந்நாட்டின் ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையத்தை மாட்டி, மீண்டும் பறக்கவிடும் முறையையும் கற்றுக்கொண்டார். எவ்வளவு எளிய வழி பாருங்கள்! வளையம் தாங்கிய பறவை வேறோர் ஊரில் அகப்பட்டால், அது எங்கிருந்து எங்கே சென்றது என்பது விளங்கிவிடுகிறது.

கற்றுத் தேர்ந்து 1930இல் தாயகம் திரும்பியவருக்கு அதிர்ச்சியே காத்திருந்தது. பணமில்லை என்று கூறி, அவர் வகித்த பதவியையே நீக்கிவிட்டிருந்தனர். கற்ற கல்விக்கு வேலை இல்லை. மனம் தளராத அவர், மனைவியுடன் கிகீம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கே நாள்தோறும் தூக்கணாங்குருவிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்வையிடும், பிடித்திருந்தால் குடிபுகும். பின்னர் ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும். இவ்வுண்மைகளை அவர் உலகுக்கு அறிவித்தார். வேலையற்ற காலமே அவருக்குப் புகழைத் தேடித் தந்தது!

அதன்பின் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களில் காடு மேடெல்லாம் அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். துணையாக உடன் நடந்த தெகமினா 1939இல் மறைந்தது அவர் வாழ்வில் ஆறாத துயரம். எனினும் பணியை விட்டாரில்லை. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்து, சாதாரண மக்களையும் பறவைகளைப் பார்க்க வைத்தது. பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலையும் படைத்தார்.

1957ஆம் ஆண்டு கர்நாடகக் காடுகளில் குரங்குகளையும் மனிதர்களையும் கொல்லும் புதிய காய்ச்சல் கண்டறியப்பட்டது. வலசை வரும் பறவைகள் அந்நோய் பரப்பும் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், பறவைகளுக்கு வளையமிடும் பெரும் பணி சலீம் அலியின் தலைமையில் நடைபெற்றது. தமிழகத்தின் கோடியக்கரை அப்பணிக்குரிய முக்கிய இடங்களுள் ஒன்றாகும். 1967இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இனி, வௌவாலின் கதைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு, தமிழகத்தின் மேகமலைத் தோட்டப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டத் துரை ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய்ச் சங்கத்திற்கு அனுப்பினார். அங்கே அது எங்கும் காணப்படும் சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று தவறாகக் குறிக்கப்பட்டு, இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பின்னர் கிட்டி தொங்லோங்யா என்னும் தாய்லாந்து அறிஞர் அதை உற்று நோக்கினார். வால் இல்லை, பற்களின் அமைப்பும் வேறு. உலகம் அதுவரை அறியாத இனம் அது என்று கண்டு, 1972ஆம் ஆண்டு அதற்குச் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தேயிலையும் காப்பியும் ஏலமும் விளையும் மலையில், தோட்டத் தொழிலாளர்களின் தலைக்கு மேலே அது இரவுதோறும் பறந்திருக்கிறது. ஆனால், அது யார் என்று அறிந்தவர் எவரும் இல்லை!

1993இல் அதே மலையில் அவ்வௌவால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. குகைகளில் தங்கி, காட்டு அத்தி முதலிய பழங்களைத் தின்னும் அவ்வினம், காடு குறைந்து வருவதால் அழியும் நிலையில் உள்ளது. அதைக் காக்க வேண்டுமானால், எந்தக் குகையில் உறங்குகிறது, எந்த மரத்தை நாடிச் செல்கிறது என்பதை அறிய வேண்டுமல்லவா?

வளையம் இரண்டு இடங்களை மட்டுமே கூறும்; இடைப்பட்ட பாதையைக் கூறாது. இருளில் பறக்கும் வௌவாலைக் கண்ணால் பின்தொடரவும் இயலாது. ஆகவே, விஞ்ஞானிகள் வானொலி அலைகளைத் துணைக்கொண்டனர். அலை பரப்பும் மிகச் சிறிய கருவி ஒன்றை வௌவாலின் முதுகில் பசையால் ஒட்டுவர். அதன் எடை வௌவாலின் எடையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பொதுவான விதி. ஐம்பது கிராம் எடையுள்ள வௌவாலுக்கு இரண்டரைக் கிராம் கருவியே பொருத்தலாம். வீட்டுக் கூரையில் நாம் காணும் தொலைக்காட்சி ஏரியலைப் போன்ற அலைவாங்கியைக் கையில் ஏந்தி, ஆய்வாளர்கள் இருவர் வெவ்வேறு இடங்களில் நின்று ஒலி வரும் திசையைக் குறிப்பர். இரு திசைக் கோடுகளும் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடமே வௌவால் இருக்கும் இடம். சில நாள்களிலோ வாரங்களிலோ கருவி தானே உதிர்ந்துவிடும்.

நம் மலேசியாவிலும் இவ்வகை ஆய்வு நடந்துள்ளது. கெலுவாங் என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் பெரும் பழந்தின்னி வௌவாலை அறிவீர்கள்; ஜொகூரின் குளுவாங் நகர் அதன் பெயரையே கொண்டது. 2000ஆம் ஆண்டுகளில் அறிஞர்கள் ஏழு கெலுவாங்குகளுக்குச் செயற்கைக்கோளுடன் தொடர்புகொள்ளும் கருவிகளைப் பூட்டிப் பறக்கவிட்டனர். அவை மலேசிய எல்லைக்குள் அடங்கவில்லை. சுமத்திராவுக்கும் தாய்லாந்துக்கும் பறந்து சென்றன! எனவே, ஒரு நாடு மட்டும் சட்டம் இயற்றி அவற்றைக் காக்க இயலாது என்பது தெளிவாயிற்று.

தைப்பூசத்தன்று நாம் படியேறி வணங்கும் பத்துமலையிலும் தேன் உண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. 1976இல் வெளிவந்த ஆய்வுகளின்படி, டுரியான் மலர்களில் மகரந்தச் சேர்க்கை நடைபெற உதவுபவை இவையே. டுரியான் பூக்காத காலத்தில், முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கடலோர அலையாத்தி மரங்களின் மலர்களை நாடி இவை செல்கின்றன. குகையை மட்டும் காத்து, கடலோரக் காட்டை அழித்தால் என்ன நேரும்? வௌவால் பசியால் வாடும். டுரியான் மரம் காய்க்காது. வௌவால் செல்லும் வழியை அறிந்தமையாலன்றோ இவ்வுண்மை நமக்குப் புலனாயிற்று!

இவ்வறிவையே படைக்கலமாகக் கொண்டு சலீம் அலியும் இயற்கைக்காக வாதாடினார். பரத்பூரின் பறவை ஏரிகளைக் காக்கப் பாடுபட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோருள் அவரும் ஒருவர். அத்திட்டம் கைவிடப்பட்டு, 1985இல் அவ்விடம் தேசியப் பூங்காவாகத் திறந்து வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் நியமிக்கப்பெற்றார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் இயற்கை எய்தினார். அவர் பெயரால் 1990ஆம் ஆண்டு கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது.

மாணவர்களே! பெற்றோரை இழந்த குழந்தை, கணிதத்தில் தடுமாறிய மாணவர், வேலையற்று நின்ற இளைஞர் ஆகிய மூவரும் சலீம் அலியே. அவரை உயர்த்தியது அடங்காத ஒரு கேள்வியும், அதற்கு விடை காணும் பொறுமையும் ஆகும். கம்போங் மேடானில் வாழும் நமக்கும் மைனாவும் காகமும் தெருவோர மரத்து வௌவாலும் அண்டை வீட்டாரே. கல்லெறிந்து அவற்றைத் துரத்தாதீர்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை எந்த மரத்துக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று நாள்தோறும் எழுதி வாருங்கள். விடை தெரியாதபோது ஆசிரியரைக் கேளுங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால், நாம் சேர்ந்தே தேடுவோம். ஒரு சிட்டுக்குருவியின் மஞ்சள் தொண்டை ஓர் அறிஞரை உருவாக்கியது என்பதை மறவாதீர்!