அதிர்ந்து பேசாத பிரதமர்

ஆபீசில் வாய் திறவாமல் வேலை பார்ப்பவருக்கு ‘அப்பாவி’ என்ற பட்டம் சீக்கிரமே கிடைத்துவிடும். அந்தப் பட்டத்தோடு டெல்லி அரசியலில் நீண்ட காலம் இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி.

அவர் 1904 அக்டோபர் 2-ந் தேதி, அன்று முகல்சராய் என வழங்கிய ரயில்வே ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அலகாபாத்தில் குமாஸ்தா ஆனவர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே அவர் காலமாகிவிட, பையன் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தான். அடுத்தவர் ஆதரவில் வளரும் பிள்ளை அதிகம் பேசாது. நம்மில் பலருக்கு இது தெரிந்த விஷயந்தான். காசி வித்யாபீடத்தில் பெற்ற ‘சாஸ்திரி’ பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. சுதந்திரப் போரில் பல ஆண்டுகள் சிறையிலிருந்தார்.

1952-ல் ரயில்வே மந்திரியானார். 1956-ல் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதே ராஜினாமா செய்ய முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். தண்டவாளம் போட்டவரும் அவரல்ல, வண்டி ஓட்டியவரும் அவரல்ல. எந்த இலாகாவிலும் பழி மேலேயிருந்து கீழேதான் இறங்கும். கடைசியில் யாரோ ஒரு கடைநிலை ஊழியர் தலையில் வந்து நிற்கும். சாஸ்திரி அதைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். சத்தம் போடாமல் விலகினார். நேரு இம்முறை ஏற்றுக்கொண்டார்.

1964 மே 27-ல் நேரு மறைந்தார். காங்கிரஸ் தலைவர் காமராஜர், அவரும் அதிகம் பேசாதவர், எம்.பி.க்களின் கருத்தை ஒவ்வொருவராகக் கேட்டறிந்தார். மொரார்ஜி தேசாய்க்கு ஆதரவாளரும் உண்டு, எதிரிகளும் உண்டு. சாஸ்திரிக்கு எதிரிகள் குறைவு. ஜூன் 9-ல் பிரதமரானார்.

அமைதிக்கு நஷ்டமும் உண்டு. 1965 ஜனவரியில் தமிழ்நாடு இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொந்தளித்தபோது அவர் வாய் திறக்கத் தாமதித்துவிட்டார் என்பதே என் எண்ணம். சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். அரியலூர் விபத்தின்போது அழகேசன்தான் அவருக்கு ரயில்வே துணை மந்திரி! பிப்ரவரி 11-ல் வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். தம் பிடிவாதத்தைவிட எதிரே நிற்பவர் பேச்சைக் கேட்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

அதே ஆண்டு பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, இந்தச் சின்ன உருவத்தின் உறுதியை உலகம் பார்த்தது.

1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அன்று நள்ளிரவுக்குப் பின் உயிர் பிரிந்தது. பிரதமராக இருந்தபோது பியட் கார் வாங்க எடுத்த 5,000 ரூபாய் வங்கிக் கடன் பாக்கியிருந்தது. அதை மனைவி லலிதா தேவி தமது பென்ஷனிலிருந்து அடைத்தார்.